ஆடிஷன் கிட்: சிறுமியாகத் திரையில் வளர்ந்த நடிகைக்கு எது உதவும், எது கெடுக்கும்

ரிங் லைட், ஸ்டாண்டு, போன் மாட்டும் கிளிப், மடக்குப் பின்திரை, வயர்லெஸ் காலர் மைக், ப்ளூடூத் ரிமோட். எல்லாம் ஒரே பைக்குள். நடிப்புத் தேர்வுக்கு வீட்டிலேயே எடுத்து அனுப்பும் வீடியோவுக்கு, அதாவது ‘டேப்’புக்கு, ‘ஆடிஷன் கிட்’, ‘செல்ஃப் டேப் கிட்’ என்ற பெயர்களில் பல கம்பெனிகள் ஏறக்குறைய இதே பொருள்களை இதே அளவுகளில் விற்கின்றன. ரிங் லைட் 18 அங்குலம், ஸ்டாண்டு 2 மீட்டர், பின்திரை 1.5-க்கு 2 மீட்டர், அதில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சாம்பல். மேலே ஒட்டியிருக்கும் லேபிள் மட்டும் மாறும். அதனால் இங்கே எடை போடுவது தனி ஒரு கம்பெனியின் சரக்கை அல்ல, இந்த வகைத் தொகுப்பையே.

இதை யார் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். சின்ன வயதில் தொடர்களில் நடித்து, பள்ளிப் படிப்புக்காகவோ, சிறுமி வேடத்துக்கு உயரம் கூடிப்போனதாலோ சில வருடங்கள் விலகியிருந்து, இப்போது பெரியவர் வேடங்களுக்கு ஆடிஷன் அனுப்பத் தொடங்கும் நடிகையை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். புதுமுகத்தைவிட இவருக்கு வேலை கடினம். புதுமுகத்தைப் பார்ப்பவர் மனதில் எந்தப் படமும் இருக்காது. இவரைப் பற்றியோ ஒரு பத்து வயது முகம் அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது. பெயரைக் கேட்டதும் பழைய கிளிப்பைத்தான் தேடிப் பார்ப்பார்கள். இவருடைய டேப் முதலில் செய்ய வேண்டியது, அந்த முகத்தை விலக்கி இன்றைய முகத்தையும் இன்றைய குரலையும் அங்கே உட்கார வைப்பது.

தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடலாம். மைக்குக்காக வாங்கலாம். பின்திரை நல்லது, மாட்டும் விதத்தை மாற்றினால். ரிமோட் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ரிங் லைட்டை அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் படத்தில் உள்ளபடி வைத்தால், மேலே சொன்ன நடிகைக்கு அது நேரடியாகவே கெடுதல் செய்யும்.

ரிங் லைட்டை ஏன் நேரே வைக்கக் கூடாது

பெட்டியின் படத்தில் வளையத்தின் நடுவே போன் இருக்கும், எதிரே பெண் சிரித்துக்கொண்டிருப்பார். லென்ஸைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவு வெளிச்சம் வருவதால் மூக்கின் நிழல், தாடையின் கீழ் நிழல், கன்ன எலும்பின் கீழே விழும் மெல்லிய இருட்டு, எல்லாம் அழிந்துவிடும். தோல் வழவழப்பாகத் தெரியும். ஒப்பனை சொல்லித்தரும் வீடியோவுக்கு அதுதான் வேண்டும். ஆனால் ஒரு முகத்தை வளர்ந்த முகமாகக் காட்டுவது அந்த நிழல்கள்தான். பதினெட்டு, இருபது வயதில் தாடை வரி கூர்மையாகும், கன்னத்தின் சதை வடியும். அந்த மாற்றத்தை வெளிச்சம் துடைத்துவிட்டால் திரையில் மிஞ்சுவது பழைய சிறுமியின் வட்ட முகம். மருமகள் வேடத்துக்கோ வழக்கறிஞர் வேடத்துக்கோ அனுப்பிய டேப்பைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் குழந்தை மாதிரியே இருக்கிறார்’ என்று ஒதுக்கினால், அதில் பாதிக் குற்றம் விளக்கு நின்ற இடத்தினுடையது.

இரண்டாவது கேடு கண்ணில். நேரே வைத்த ரிங் லைட் கருவிழிக்குள் ஒரு வெள்ளை வளையமாகப் பிரதிபலிக்கும். க்ளோசப்பில் பார்ப்பவர் முதலில் போவது கண்ணுக்குத்தான். பார்வை எங்கே நகர்கிறது, எப்போது தாழ்கிறது என்பதைப் படிக்க விடாமல் அந்த வளையம் குறுக்கே நிற்கும். கண்ணாடி அணிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரியான இடம் இது. லென்ஸிலிருந்து முகத்துக்கு ஒரு கோடு போட்டால், அதற்கு 45 டிகிரி பக்கவாட்டில், முகத்திலிருந்து சுமார் 1.2 மீட்டர் தூரத்தில் விளக்கு நிற்க வேண்டும். வளையத்தின் மையம் கண் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, முகத்தை நோக்கிச் சற்றுக் குனிந்தபடி. மறுபக்கம், முகத்திலிருந்து ஒரு கை நீளத்தில், வெள்ளைத் தெர்மாகோல் தட்டு ஒன்றை நாற்காலியில் சாய்த்து வைத்தால் இருட்டுக் கன்னம் அடியோடு கறுத்துப்போகாமல் தாங்கும். தட்டை நெருக்கினால் முகம் இளகும், தள்ளினால் இறுகும். கல்லூரி மாணவி வேடத்துக்கும் போலீஸ் அதிகாரி வேடத்துக்கும் விளக்கை நகர்த்தவே வேண்டாம், தட்டை நகர்த்தினால் போதும். வளையத்துக்கு ஒரு சாண் முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் வளையம் முழு வட்டமாகப் பரவும், நிழலின் ஓரமும் மென்மையாகும். அடாப்டரின் மேல் மட்டும் துணி படக் கூடாது, அது சூடாகும்.

இப்படிப் பக்கத்தில் வைக்கும்போதுதான் கிட்டின் பெரிய குறை வெளியே வரும். ஸ்டாண்டு ஒன்றுதான். விளக்கு போன இடத்துக்கே போனும் போய்விடும். இரண்டாவது ஸ்டாண்டு இல்லாமல் இந்த கிட்டைச் சரியாகப் பயன்படுத்தவே முடியாது. போனுக்கு மட்டும் என்பதால் கனமான ஸ்டாண்டு தேவையில்லை, கண் மட்டம் வரை உயரும் சாதாரண ட்ரைபாட் போதும். இன்னொன்று, 18 அங்குல வளையம் தலைகனம். மூன்று கால்களில் ஒன்றாவது வளையம் சாயும் திசையில் இருக்க வேண்டும். மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைப் பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். நடிக்கும்போது புடவைத் தலைப்போ கையோ பட்டால் விளக்கு முகத்தின் மேல்தான் விழும்.

நிறம், மினுக்கல்

இந்த விளக்குகளுக்குள் மஞ்சள் எல்இடி வரிசை ஒன்று, வெள்ளை வரிசை ஒன்று இருக்கும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவை 3200-இல் வைத்தால் மஞ்சள் மட்டும் எரியும், 5600 வைத்தால் வெள்ளை மட்டும். இரண்டு முனையிலும் பாதி விளக்கு அணைந்திருப்பதால் வெளிச்சம் குறைவு. நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து எரியும், அதுதான் அதிக வெளிச்சம். ஜன்னல் வெளிச்சமும் அறைக்குள் வருகிறதென்றால் 5600 பக்கமே நில்லுங்கள். பகல் வெளிச்சம் ஒரு கன்னத்திலும் மஞ்சள் விளக்கு மறு கன்னத்திலும் விழுந்தால், போன் எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று தடுமாறி டேப் நடுவே நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

நிறத்தின் தரத்தைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95-க்கு மேல் என்று எல்லாப் பெட்டியிலும் அச்சிட்டிருக்கிறார்கள். அதை நம்பி இருக்க வேண்டியதில்லை. போனில் வைட் பேலன்ஸை (எதை வெள்ளையாக எடுப்பது என்ற அமைப்பை) பகல் வெளிச்சத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டு, ஜன்னலோரம் புறங்கையைப் படமெடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, 5600-இல் விளக்கின் கீழ் அதே கையை எடுங்கள். சிவப்பை ஒழுங்காகக் காட்டாத விளக்கில் மாநிறத் தோல் சாம்பல் பூத்தது போலவோ லேசாகப் பச்சை ஓடியோ தெரியும். சிஆர்ஐ சராசரி எண் என்பதால் சிவப்பில் இருக்கும் பற்றாக்குறை அதில் மறைந்துகொள்ளும். அடர்சிவப்பை மட்டும் அளக்கும் ஆர்9 என்ற தனி எண்ணும் அச்சிட்டிருந்தால் அதைப் பாருங்கள். அது மிகக் குறைவாக இருந்தால், எவ்வளவு ஃபவுண்டேஷன் பூசினாலும் முகத்தில் ரத்த ஓட்டம் தெரியாது. இந்தச் சோதனையில் தோற்றால் விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மினுக்கல் அடுத்த தொல்லை. மலிவான விளக்குகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடும். கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து போகும். வெளிச்சத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு மோசம். எனவே பாதிக்குக் கீழே குறைக்காதீர்கள். கண் கூசினால் விளக்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகும். வீட்டு ட்யூப் லைட்டும் எரிகிறது என்றால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் ஷட்டரை (ஒரு ஃப்ரேம் பதிவாகும் நேரத்தை) 1/50 நொடிக்கும் 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60-க்கும் வையுங்கள். போனின் ப்ரோ வீடியோ பகுதியில் இது இருக்கும். இல்லாவிட்டால் ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள்.

பகலில் எடுக்கிற டேப்புக்கு இத்தனையும் தேவையா? பக்கவாட்டில் பெரிய ஜன்னல், நேர் வெயில் விழாத நேரம், எதிர்ப்பக்கம் தெர்மாகோல், இவ்வளவு இருந்தால் 18 அங்குல விளக்கு பைக்குள்ளேயே இருக்கலாம். ஆனால் தொலைக்காட்சியில் வசனப் பக்கம் மாலையில் வந்து மறுநாள் காலைக்குள் டேப் கேட்பது சாதாரணம். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2023 ஒப்பந்தத்தில்தான் முதல் ஆடிஷனுக்கு 8 பக்கத்துக்கு மேல் கேட்கக் கூடாது, 48 மணி நேரமாவது அவகாசம் தர வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். அப்படி எழுத்தில் ஏதும் இல்லாத இடங்களில் இரவு பதினொரு மணிக்கு எடுக்க வேண்டிவரும். விளக்கின் உண்மையான பயன் அந்த நேரத்தில்தான்.

பின்திரையைப் படுக்க வையுங்கள்

கிட்டோடு வரும் கொக்கி பின்திரையை நிற்கும் வாக்கில், அதாவது அகலம் 1.5 மீட்டர், உயரம் 2 மீட்டராகத் தொங்கவிடும். ஆடிஷன் டேப் கிடைவாக்கில் எடுக்க வேண்டியது. கணக்கைப் பாருங்கள். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு நெஞ்சு வரை வரும் ஃப்ரேமின் உயரம் சுமார் 65 செ.மீ., அகலம் 115 செ.மீ. போனின் பின் கேமராவில் 2 மடங்கு ஜூம் வைத்து சுமார் 1.65 மீட்டர் தூரத்தில் நின்றால் இந்த ஃப்ரேம் கிடைக்கும். பின்திரை நடிகைக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றால், அந்த இடத்தில் ஃப்ரேமின் அகலம் 1.85 மீட்டராக விரிந்திருக்கும். 1.5 மீட்டர் திரையின் இரண்டு ஓரமும் படத்துக்குள் வந்து, பின்னால் இருக்கும் பீரோவும் தெரியும். அதே திரையைப் படுக்க வைத்தால் 2 மீட்டர் அகலம், சரியாக அடங்கும். இரண்டு மூலைகளிலும் துணி கிளிப் போட்டுக் கயிற்றில் மாட்டுங்கள், திரையின் நடு உயரம் முகத்துக்கு நேரே வரட்டும். அந்த 1 மீட்டர் இடைவெளியைக் குறைக்காதீர்கள். ஒட்டி நின்றால் விளக்கு பக்கத்திலிருந்து வருவதால் தலையின் நிழல் திரையில் அப்பிக்கொள்ளும்.

2 மடங்கு ஜூமுக்கும் காரணம் உண்டு. ஜூம் இல்லாத சாதாரண லென்ஸில் அதே ஃப்ரேம் வேண்டுமென்றால் போன் முகத்திலிருந்து 85 செ.மீ. தூரத்துக்கு வர வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் மூக்கு முன்னுக்கு வந்து, காது பின்னுக்குப் போய், முகத்தின் அளவுகளே பிசகிவிடும்.

நீலமா சாம்பலா என்றால், பெரும்பாலான தோல் நிறங்களுக்கு சாம்பல் பக்கம்தான் பாதுகாப்பு. வெள்ளைச் சுவர் மட்டும் வேண்டாம். போன் சுவரின் வெளிச்சத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை (படம் வாங்கும் வெளிச்ச அளவை) குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். எந்தப் பின்னணியானாலும் திரையில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் நடிகை முன்னால் சாயும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும்.

மடக்கு வளையத் திரையை மடிக்கத் தெரியாமல்தான் பலர் உடைக்கிறார்கள். எதிர் ஓரங்களைப் பிடித்து, ஒரு கையை வெளிப்பக்கமும் மறு கையை உள்பக்கமும் திருப்பி எட்டு போலாக்கி, இரண்டு வளையங்களையும் ஒன்றின் மேல் ஒன்று விழவிட வேண்டும். இறுக்கி அமுக்கினால் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை நெளிந்துவிடும், பிறகு அது தட்டையாக விரியாது. பையிலிருந்து எடுத்ததும் இருக்கும் சுருக்கத்தை நீராவி காட்டி எடுக்கலாம். நேரடியாக இஸ்திரி வைத்தால் செயற்கைத் துணி பளபளத்துப்போகும்.

மைக்: கிட்டின் மதிப்பே இதில்தான்

வளர்ந்த நடிகையை வளர்ந்தவராக நம்ப வைப்பதில் முகத்தைவிடக் குரலுக்குப் பங்கு அதிகம். போனின் சொந்த மைக் 1.65 மீட்டர் தள்ளி இருப்பதால் குரலோடு அறையின் எதிரொலியையும் வாங்கி, அடித்தொண்டை ஓசையை இழந்து மெலிதாக்கிவிடும். மார்புக் குரலின் கனம் தெரிய வேண்டுமென்றால் மைக் உடம்பில்தான் இருக்க வேண்டும். அந்த வகையில் கிட்டில் உள்ள சின்ன வயர்லெஸ் மைக் நியாயமான வேலை செய்கிறது.

இடம் முக்கியம். தாடைக்கு 15 முதல் 20 செ.மீ. கீழே, நெஞ்சு எலும்பின் நடுவில். கழுத்துக்கு மிக அருகே வைத்தால் தாடை மறைத்துக் குரல் மங்கும். சங்கிலி, மணி, விறைப்பான காட்டன் மடிப்பு, துப்பட்டாவின் ஜரிகை எதுவும் மைக்கில் உரசக் கூடாது. உரசல் சத்தத்தைப் பிறகு எடுக்கவே முடியாது. துணியைக் கிளிப்பால் பிடித்த பிறகு, கிளிப்புக்குக் கீழே துணியோடு சேர்த்து ஒரு துண்டு மருத்துவ டேப் ஒட்டிவிட்டால் துணி அசைந்தாலும் மைக் அதனோடே அசையும்.

மைக்கில் பெரும்பாலும் ஒரு சத்தக் குறைப்புப் பொத்தான் இருக்கும். ஆடிஷனுக்கு அதை அணைத்து வையுங்கள். மின்விசிறிச் சத்தத்தை வெட்டும்போது அது மூச்சையும் சேர்த்து வெட்டும், மெதுவாகச் சொல்லும் வாக்கியங்களின் கடைசி எழுத்தையும் விழுங்கும். ஒரு அழுகைக் காட்சியில் வசனத்துக்கு முன் இழுக்கும் மூச்சுத்தான் நடிப்பு, அது போனால் என்ன மிஞ்சும்? விசிறியையும் ஃபிரிஜ்ஜையும் அணைத்து, கேமராவுக்குப் பின்னால் ஒரு கம்பளியையும் மெத்தையையும் நிறுத்தினால் பொத்தானுக்கு வேலை இருக்காது.

கிட்டில் இரண்டு மைக் வரும். இரண்டாவதை எதிர் வசனம் படிப்பவருக்கு மாட்டத் தோன்றும். மாட்டாதீர்கள். படிப்பவரின் குரல் நடிகையின் குரலுக்குச் சமமாகவோ மேலாகவோ பதிவாவது டேப்பைக் கெடுக்கும் பழக்கமான குறை. அவர் மைக் இல்லாமல், லென்ஸை ஒட்டிப் பக்கத்தில், நடிகையின் கண் மட்டத்தில் நின்று, தணிந்த குரலில் படிக்க வேண்டும். அவர் கண்தான் நடிகையின் பார்வை போகும் இடம். லென்ஸிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி நின்றால் பக்கமுகம் ஆகிவிடும், முகத்தின் பாதி கதை தெரியாது. லென்ஸை நேரே பார்ப்பது, டேப்பில் தன்னை அறிமுகம் செய்து பெயர் சொல்லும்போது மட்டும். முன்கேமராவில் எடுக்காதீர்கள் என்பதற்கும் இதுவே காரணம், தன் முகம் திரையில் தெரிந்தால் பார்வை தானாக அங்கே ஓடும்.

பதிவுக்கு முன் இரண்டு சோதனை. மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பதிவு செய்து கேளுங்கள். சுரண்டல் பெரிதாகக் கேட்டால் வயர்லெஸ் மைக் வேலை செய்கிறது. தூரத்தில் கேட்டால் போன் தன் சொந்த மைக்கையே எடுத்துக்கொண்டிருக்கிறது. போனில் செருகியிருக்கும் ரிசீவரைக் கழற்றி மாட்டி, கேமரா ஆப்பை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். அடுத்தது, காட்சியில் மிக உரக்க வரும் வசனத்தை முதலில் சொல்லிப் பாருங்கள். அது பிளந்து ஒலித்தால் மைக்கின் ஒலி அளவைக் குறையுங்கள். மெல்லிய வசனத்தை வைத்து அளவு பார்த்தால், கத்தும் இடத்தில் நிச்சயம் உடையும். டைப்-சி ரிசீவர் இல்லாமல் ப்ளூடூத்தில் இணையும் மைக் வைத்த கிட் கண்ணில் பட்டால் தவிர்த்துவிடுங்கள். உதட்டுக்கும் ஒலிக்கும் இடையே தாமதம் வரும்.

போனில் மாற்ற வேண்டியவை

வீடியோவின் தெளிவு அளவு 1080பி போதும். 4கே வைத்தால் கோப்பு பெருத்து, அனுப்பும் தளத்தில் ஏறாமல் பாதியில் நிற்கும். எச்.264 என்ற சுருக்கும் முறையில் 1080பி, நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஐபோனில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 130 மெகாபைட் ஆகும். ஹெச்டிஆர் என்ற கூடுதல் வெளிச்ச-நிற முறையை அணையுங்கள், இல்லையென்றால் இன்னொருவரின் கணினியில் முகம் வெளிறித் தெரியலாம். அழகூட்டும் ஃபில்டர் பல போன்களில் சொல்லாமலே போடப்பட்டிருக்கும். அது நெற்றிச் சுருக்கத்தைத் தேய்க்கும். கோபமும் கவலையும் முதலில் வந்து உட்காருவது அந்த நெற்றியில்தான். பதிவின்போது ஏரோப்ளேன் மோடு. அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும், நல்ல டேக் போய்விடும்.

ரிமோட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சற்று நேரம் தொடாவிட்டால் தூங்கிவிடும், எழுப்ப ஒரு முறை, பதிவுக்கு ஒரு முறை அழுத்த வேண்டும். பொத்தான் பேட்டரி ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது தூண்டும் ஒரு பழக்கம் கவலை தருகிறது. தொடர் படப்பிடிப்பில் குழந்தை நடிகர்களுக்கு வசனத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு வரியாகவே எடுப்பார்கள். அப்படியே வளர்ந்தவருக்கு முழுக் காட்சியை மூன்று நிமிடம் தொடர்ந்து தாங்கிய அனுபவம் குறைவாக இருக்கலாம். கையில் ரிமோட் இருந்தால் அதே முறையில் வரிவரியாக எடுத்து ஒட்டத் தோன்றும். டேப் பார்ப்பவர் தேடுவது இதையேதான்: இடையில் வெட்டு இல்லாமல், எதிராளி பேசும்போதும் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரே டேக். வெட்டு இருந்தால், தாங்க முடியவில்லை என்று படிப்பார்கள். ரிமோட்டை ஒரு முறை அழுத்திக் கீழே வைத்துவிட்டு, ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் பிறகு நறுக்குங்கள்.

சிறுவயதில் கற்றவற்றில் இன்னும் இரண்டு இந்த டேப்பில் காட்டிக்கொடுக்கும். கண்ணை அகல விரித்து அதிர்ச்சி காட்டி ஷாட் முடியும்வரை அப்படியே நிறுத்துவது ஒன்று. வாக்கியத்தின் முடிவில் குரலை மேலே தூக்குவது இன்னொன்று. இரண்டும் அப்போது கேட்டு வாங்கப்பட்டவை, தவறே அல்ல. நெஞ்சு வரை வரும் ஃப்ரேமில், பக்க வெளிச்சத்தில், நெருங்கிய மைக்கில் அவை பெரிதாகத் தெரியும். முதல் டேக்கைப் படத்தை மறைத்து ஒலியாக மட்டும் கேளுங்கள், பிறகு ஒலியை அணைத்துப் படமாக மட்டும் பாருங்கள். எது சிறுமியினுடையது என்று தனித்தனியே பிடிபடும்.

பெயர் சொல்லும் பகுதியில் முழு உயரத்தையும் காட்டும் ஷாட் ஒன்று சேருங்கள், கதவுச் சட்டத்தின் பக்கத்தில் நின்றால் உயரம் சந்தேகமின்றித் தெரியும். பழைய கிளிப்பை மட்டும் பார்த்தவருக்கு இந்த ஐந்து நொடி பெரிய தகவல். உடையில் நெருக்கமான கோடுகள் வேண்டாம், வீடியோவில் அலையடிக்கும். பளிச்சென்ற வெள்ளையும் அடர்கறுப்பும் வேண்டாம். பக்க வெளிச்சத்தில் வியர்வை மின்னும், லேசாகப் பவுடர் ஒற்றினால் போதும், கனமான ஃபவுண்டேஷன் ரிங் லைட்டை நேரே வைப்பவர்களின் தேவை.

ஒரே அமைப்பை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது

கடைக்காரர் யாரும் சொல்லாத ஒரு பயன் இந்த கிட்டுக்கு உண்டு. விளக்கு, போன், நடிகை, பின்திரை நிற்கும் இடங்களைத் தரையில் நான்கு ஒட்டும் டேப் துண்டுகளால் குறித்து, உயரங்களையும் கெல்வின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பைக்குள் போட்டுவிட்டால், ஒவ்வொரு டேப்பும் ஒரே வெளிச்சத்தில், ஒரே லென்ஸில் இருக்கும். அப்போதுதான் இரண்டு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு டேப்பைப் பக்கம் பக்கமாக வைத்து, மாறியது முகமா நடிப்பா என்று நேர்மையாகச் சொல்ல முடியும். தொடர்களில் வளர்ந்த நடிகையின் பழைய வேலை எல்லாம் வேறு வேறு கேமராமேன்களின் வெளிச்சத்தில் இருக்கிறது, அவற்றை வைத்து இந்த ஒப்பீடு நடக்காது. திரும்பிப் பார்க்கையில், பத்தொன்பது வயதில் எந்த வேடத்தில் குரல் தடுமாறியது, இருபத்தொன்றில் எந்த இடத்தில் அமைதி வந்தது என்பது தன் கையிலேயே பதிவாக இருப்பது பெரிய சொத்து. நிராகரிக்கப்பட்ட டேப்புகளையும் அழிக்காதீர்கள். இரண்டு நிமிட டேப் சுமார் 260 மெகாபைட், நூறு டேப் 26 ஜிகாபைட்டில் அடங்கும். பெயர், வேடம், டேக் எண், தேதி என்ற வரிசையில் கோப்புக்குப் பெயர் வைத்து, இரண்டு வேறு இடங்களில் பிரதி வைத்திருங்கள்.

இன்னும் பதினெட்டு வயதாகாத பெண்ணுக்காகப் பெற்றோர் வாங்குவதானால் கூடுதல் கவனம் தேவை. பள்ளிச் சீருடை, பள்ளி முத்திரை, ஜன்னல் வழியே தெரியும் தெருப் பெயர்ப்பலகை எதுவும் ஃப்ரேமில் வரக் கூடாது. பெயர் சொல்லும்போது முகவரியோ வீட்டு எண்ணோ வேண்டாம். டேப்பைப் பொதுத்தளத்தில் ஏற்றாமல், கடவுச்சொல் உள்ள இணைப்பாக அனுப்பி, முடிவு தெரிந்ததும் இணைப்பை மூடிவிடுங்கள். உடலைக் காட்டச் சொல்லியோ உடை மாற்றச் சொல்லியோ டேப் கேட்டால், அது எந்தத் தொடரின் பெயரில் வந்தாலும் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே வீட்டில் ரிங் லைட் இருப்பவர் முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டாம். டைப்-சி வயர்லெஸ் மைக் செட், படுக்க வைக்கக்கூடிய 2 மீட்டர் சாம்பல் திரை, ஒரு ட்ரைபாட், ஒரு தெர்மாகோல் தட்டு, இவ்வளவும் தனித்தனியே வாங்கினால் கிட்டைவிடச் சரியான அமைப்பு கிடைக்கும். முழு கிட்டே வாங்குபவர் திருப்பித்தரும் காலக்கெடு முடிவதற்குள் புறங்கைச் சோதனை, பாதி வெளிச்சத்தில் பட்டை ஊர்கிறதா என்ற சோதனை, நகச் சுரண்டல் சோதனை மூன்றையும் செய்துவிட வேண்டும். போன் கிளிப்பின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். கனமான போனைக் கிடைவாக்கில் மாட்டி கால் மணி நேரம் விட்டுவைத்தால், மெல்ல மெல்ல முன்னால் தலை குனிகிறதா என்று தெரிந்துவிடும்.